கருவின் காலக்கணக்கு

தோட்டப்புறங்களிலே பொழுது வெளியிலிருந்து அறிவிக்கப்படுவது. பதுளை மாவட்டத்துப் பூனாகலை முதலிய ஊவா மலைத் தோட்டங்களில், முன்னாளிலே தப்பொலியும் பின்னாளிலே மணியும் சங்கும் உழைப்போரைத் துயிலெழுப்பின. பெரட்டுக்களத்திற் கூடும் நேரம், கொழுந்து நிறுக்கும் நேரம், மலையிறங்கும் நேரம் என நாள் முழுவதும் பிறரால் வகுக்கப்பட்டது. ஆயின், கூடை சுமந்து கொய்யச் செல்லும் தாயொருத்தியின் வயிற்றிலே கருவொன்று தங்குமாயின், அக்கரு எந்த ஒலிக்கும் காத்திருப்பதில்லை. இன்ன நாளில் இதயம் துடிக்க வேண்டும், இன்ன நாளில் முதுகந்தண்டு வகுபட வேண்டும், இன்ன நாளில் விரல்கள் பிரிய வேண்டும் என்னும் ஒழுங்கு அதனுள்ளேயே அமைந்துள்ளது. சூரியனைக் காணாத இருளில் வளரும் அவ்வுயிர் காலத்தை எங்ஙனம் அறிகின்றது? இவ்வினாவுக்கு உயிரியல் இன்று தரும் விடையையும், அவ்விடை தாய்மாரின் நலத்தோடு எவ்வாறு தொடர்புறுகின்றது என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயங்களின் பின்புறத்திலே கோழி வளர்ப்போர் யாவரும் அறிந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். கோழி தன் முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. பத்து அல்லது பன்னிரண்டு முட்டை சேருவதற்கு இரு வாரமளவு செல்லும். அதன் பின்னரே அது அடைகாக்கத் தொடங்குகின்றது. அங்ஙனமாயின் முதல் முட்டையிலிருந்து குஞ்சு இரு வாரம் முந்தி வெளிவர வேண்டுமன்றோ? வருவதில்லை. அடைவைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் கழிந்ததும் எல்லாக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே வேளையில் ஓட்டை உடைத்து வெளிவருகின்றன.

இதன் காரணம் வெப்பமாகும். முட்டை இடப்படும்போதே அதனுள்ளிருக்கும் முளையம் பல்லாயிரங் கலங்களையுடைய ஒரு சிறு தட்டாக வளர்ந்திருக்கும். வெளிக் குளிர் பட்டதும் அவ்வளர்ச்சி தளர்ந்து, ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் ஏறக்குறைய முழுவதும் தரித்துவிடுகின்றது. மலைநாட்டுக் குளிர் இதற்குப் பெரிதும் துணைசெய்வது. தாய்க்கோழியின் வெப்பம் ஏறத்தாழ 38 பாகையளவில் இடையறாது கிடைத்ததும் எல்லா முளையங்களும் ஒருங்கே வளரத் தொடங்குகின்றன. ஆகவே முளையத்தின் கணக்கு வானத்து ஞாயிற்றின் கணக்கன்று. கலங்களினுள்ளே நிகழும் இரசாயன மாற்றங்களின் கணக்கே அது. வெப்பம் குறைந்தால் அம்மாற்றங்கள் தாழ்க்கின்றன. அவற்றோடு காலமும் தாழ்க்கின்றது.

கருவளர்ச்சி காலவொழுங்கு உடையது என்பதை முன்னோர் நன்கறிந்திருந்தனர். மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல், கருப்பையில் உயிர் படும் இடர்களைத் திங்கள்தோறும் வரிசைப்படுத்திக் கூறுகின்றது. திருமந்திரம் கருவுற்பத்தி பற்றித் தனிப்பகுதியொன்றைக் கொண்டுள்ளது. கர்ப்போபநிடதம், ஓரிரவு, ஏழிரவு, அரைத்திங்கள், ஒரு திங்கள் என எல்லை வகுத்துக் கரு அடையும் வடிவங்களைச் சொல்லுகின்றது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அடைவைத்த கோழிமுட்டைகளை உடைத்து நோக்கி, மூன்று நாட் கழிந்தபின் இதயம் ஒரு குருதிப்புள்ளியாய்த் துடித்தலைக் கண்டெழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான மல்பீகி நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அதே முளையத்தைப் படமாக வரைந்தார். இவர்கள் யாவரும் தந்தது கருவின் நாட்குறிப்பு. அந்நாட்குறிப்பை எழுதும் கடிகாரம் எது என்பதோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை புலப்படவில்லை.

காலத்தை அளக்கும் கருவிகள் இருவகைப்படும். ஒன்று பழந்தமிழர் கையாண்ட நாழிகை வட்டில் போன்றது. அடியிலே நுண்டுளையுடைய வட்டில் நீரில் மிதக்கும். நீர் சிறிது சிறிதாகப் புகுந்து நிரம்பியதும் அமிழும். அது ஒரு முறை நிரம்பி, ஓரெல்லையை எட்டியதை அறிவிக்கின்றது. மற்றையது ஊசற் கடிகாரம். அது ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்து, அசைவுகளின் தொகையாற் காலத்தைக் காட்டுகின்றது. கரு இவ்விருவகைக் கருவிகளையும் கையாளுகின்றது.

வட்டிலுக்கு உதாரணம் தவளை முட்டை. ஆபிரிக்க நகத்தவளையின் முட்டை கருவுற்றபின் மிக விரைவாக, எல்லாக் கலங்களும் ஒருங்கே பிளவுறுமாறு, பன்னிரண்டு முறை பிரிகின்றது. அதன் பின்னர் அவ்விரைவு குன்றிக் கலங்கள் தத்தம் போக்கிற் பிரியத் தொடங்குகின்றன. அதுகாறும் உறங்கிய முளையத்தின் சொந்தப் பரம்பரையலகுகளும் தொழிற்படத் தொடங்குகின்றன. பன்னிரண்டு முடிந்ததெனக் கலத்துக்கு உரைத்தவர் யார்? 1982ஆம் ஆண்டில் நியூபோட், கேர்ச்னர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை கண்டனர். முட்டையின் மொத்தக் குழியவுரு பெருகுவதில்லை. ஆயின் ஒவ்வொரு பிரிவிலும் கருக்களின் தொகை இருமடங்காகின்றது. குழியவுருவுக்கும் கருப்பொருளுக்குமுள்ள விகிதம் ஓரெல்லையைத் தொட்டதும் மாற்றம் நிகழ்கின்றது. கருப்பொருளைச் செயற்கையாய் மிகுவித்தால் அம்மாற்றம் முந்தியே நிகழ்ந்துவிடுகின்றது. வட்டில் விரைவில் நிரம்பினால் விரைவில் அமிழ்தல் போன்றதே இது.

ஊசலுக்கு உதாரணம் முதுகந்தண்டு. பாம்பாயினும் பறவையாயினும் மனிதராயினும், முதுகெலும்புடைய உயிர் யாவற்றின் முதுகும் கண்டங்கண்டமாக அமைந்தது. இக்கண்டங்களுக்கு மூலமானவை முளையத்தின் நடுக்கோட்டின் இருமருங்கும் இணையிணையாகத் தோன்றும் உடற்றுண்டங்கள் என்னும் சிறு கட்டிகளாம். முள்ளந்தண்டெலும்புகளும் விலாவெலும்புகளும் முதுகுத் தசைகளும் இவற்றிலிருந்தே உண்டாகின்றன. கோழி முளையத்திலே அடைவைத்த ஒரு நாளளவில் முதலிணை தோன்றுகின்றது. பின்னர்த் தலைப்புறத்திலிருந்து வாற்புறம் நோக்கி, தொண்ணூறு நிமிடத்துக்கு ஓரிணையாக, அதாவது மூன்றேமுக்கால் நாழிகைக்கு ஒன்றாக, ஒழுங்கு பிறழாது அவை தோன்றிக்கொண்டே செல்கின்றன.

இவ்வொழுங்குக்குக் காரணமாகக் கலங்களினுள்ளே ஓர் ஊசல் இருத்தல் வேண்டுமென 1976ஆம் ஆண்டில் உயிரியலாளர் யோனதன் குக்கும் கணித அறிஞர் கிறிஸ்தோபர் சீமனும் ஊகித்தனர். தலையிலிருந்து வாலை நோக்கி முதிர்ச்சியின் முகப்பொன்று நகர்கின்றது. ஊசலின் ஒவ்வோர் அசைவுக்கும் அம்முகப்பு கடந்த பகுதி ஒரு கண்டமாகப் பிரிகின்றது என்பது அவர் கொள்கை. இருபத்தோராண்டு கழிந்து, 1997இல், பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் ஒலிவியே பூர்க்கியேயின் ஆய்வுகூடத்திலே இசபெல் பல்மெய்ரிம் முதலானோர் அவ்வூசலைக் கண்டுகொண்டனர். கோழி முளையத்தின் வாற்புறக் கலங்களிலே ஒரு பரம்பரையலகு தொண்ணூறு நிமிடத்துக்கொருமுறை எழுந்தடங்குகின்றது. அவ்வெழுச்சி வாலிலிருந்து முன்னோக்கி அலைபோலச் செல்லுகின்றது. ஊவாவின் பத்தனைகளில் மானாப்புல்லின்மேற் காற்று வீசும்போது அலை ஓடும்; புல் இடம்பெயர்வதில்லை. அவ்வாறே இங்கும் கலங்கள் நகர்வதில்லை. அவற்றின் எழுச்சியே நகர்கின்றது. முளையத்தை இருகூறாக்கி ஒருகூற்றை உடனே பதப்படுத்தி, மறுகூற்றைத் தொண்ணூறு நிமிடம் வளர்த்து ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே கோலத்தைக் காட்டின. ஊசல் ஒரு சுற்று முடித்துப் பழைய நிலைக்கு மீண்டதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உலோகமும் வில்லும் இல்லாத கலத்தில் ஊசல் எங்ஙனம் அமைந்தது? இதனை ஓர் உவமையால் விளக்கலாம். மலையுச்சி ஊற்றிலிருந்து நெடுந்தூரம் குழாய்வழி நீர் இறங்கி, கீழேயுள்ள தொட்டியில் விழுகின்றதெனக் கொள்வோம். தொட்டி நிரம்பியதும் ஒருவன் மேலேறிச் சென்று குழாயை அடைக்கின்றான். அவன் ஏறிச்சேரும்வரை நீர் வழிந்துகொண்டிருக்கும். அடைத்தபின் தொட்டி வற்றும். வற்றியதையறிந்து மீண்டும் ஏறித் திறந்தாலும் நீர் வந்துசேரச் சிறிது நேரமாகும். செய்தி செல்வதற்கு ஆகும் தாமதத்தினால் தொட்டி எந்நேரமும் நிரம்புவதும் வற்றுவதுமாகவே இருக்கும். கலத்தினுள்ளும் இதுவே நிகழ்கின்றது. ஒரு பரம்பரையலகு தொழிற்பட்டு ஒரு புரதம் உண்டாகின்றது. அப்புரதம் மீண்டு வந்து தன்னைப் படைத்த பரம்பரையலகையே அடக்குகின்றது. அடங்கியதும் புதுப்புரதம் தோன்றாது. பழையது சில நிமிடங்களிற் சிதைந்தொழியும். தடை நீங்கவே பரம்பரையலகு மீண்டும் எழும். புரதம் உண்டாவதற்குச் செல்லும் தாமதமும் அது சிதைவதற்குச் செல்லும் நேரமுமே ஊசலின் அசைவுக்காலத்தை வரையறுக்கின்றன.

இது வெறும் ஊகமன்று என்பதை யப்பானின் கியோத்தோ நகரத்து ஆய்வாளர் 2004இல் நிறுவினர். சுண்டெலியில் இத்தொழில்புரியும் புரதத்தின் பாதியளவு சிதைவதற்கு ஏறத்தாழ 22 நிமிடம் செல்லும். அதனை ஏறத்தாழ 30 நிமிடமாக நீட்டும் சிறு மாற்றமொன்றை அவர்கள் பரம்பரையலகிற் செய்தனர். எட்டு நிமிட வேறுபாடே. ஆயின் சில அசைவுகளுக்குப் பின் ஊசல் ஓய்ந்தது. முள்ளந்தண்டெலும்புகளும் விலாவெலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதைவுற்றன. மனிதரிலும் இத்தகைய கேடு உண்டு. பிறப்பிலேயே முள்ளந்தண்டெலும்புகள் பிணைந்து, நெஞ்சுக்கூடு குறுகித் தோன்றும் அரிய நோயொன்றின் காரணம், இவ்வூசலோடு தொடர்புடைய பரம்பரையலகின் பழுதே என 2000ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

ஊசலின் வேகம் உயிர்தோறும் வேறுபடும். வரிக்குதிரைமீன் என்னும் சிறுமீனில் ஓரிணை உடற்றுண்டம் தோன்ற அரை மணியும், கோழியில் ஒன்றரை மணியும், சுண்டெலியில் இரண்டு மணியும், மனிதரில் ஏறத்தாழ ஐந்து மணியும் செல்லுகின்றன. பாம்பு முந்நூற்றுக்கும் மேற்பட்ட கண்டங்களைப் பெறுவது, அதன் உடல் வளரும் விரைவோடு ஒப்பிடுமிடத்து அதன் ஊசல் மிக விரைந்து அசைவதாலாகும் என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதக்கருவின் ஊசல் தாழ்த்து அசைவது எதனால்? சுண்டெலிக்கும் மனிதருக்கும் இங்கே தொழிற்படும் பரம்பரையலகுகள் பெரும்பாலும் ஒத்தவையே. ஆயின் மனிதக் கலத்திற் புரதங்கள் உண்டாவதும் சிதைவதும் மெதுவாகவே நிகழ்கின்றன என்பதை மிக்கி எபிசுயா, ஜேம்ஸ் பிறிஸ்கோ ஆகியோரின் குழுவினர் 2020இல் தனித்தனியே காட்டினர். மனிதப் பரம்பரையலகைச் சுண்டெலிக் கலத்திற் பதித்தாலும் அது சுண்டெலியின் வேகத்திலேயே தொழிற்பட்டது. நேரத்தை வகுப்பது தனிப்பட்ட ஓர் அலகன்று. கலம் முழுவதும் கொண்டுள்ள இயக்கமே எனலாம்.

இதுகாறும் கூறியவை ஆய்வுகூடத்துச் செய்திகள். இவை தாய்மாரின் வாழ்வைத் தொடுமிடம் ஒன்றுளது. மருத்துவமாது கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றார். அக்கணக்கின்படி பேறுகாலம் 280 நாள். ஆயின் கரு உண்டாவது ஏறத்தாழ இரு வாரம் பிந்தியே. ஆதலால் கருவின் உண்மை வயது அவ்வெண்ணிலும் ஏறத்தாழப் பதினான்கு நாட் குறைந்தது. இருபத்தெட்டு நாளுக்கொருமுறை விலக்காகும் பெண்ணொருத்திக்கு அது தவறிய முதல் நாளிலே கருவின் வயது பதினான்கு நாள். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என அவள் எண்ணும் அவ்வாரத்தின் முடிவிலே உடற்றுண்டங்களின் முதலிணைகள் தோன்றிவிட்டன. இதயமும் துடிக்கத் தொடங்கும் நிலையிலுளது. மேலும் ஒரு வாரம் கழிந்தால் கருவின் வயது இருபத்தெட்டு நாள். அந்நாளளவிலே மூளைக்கும் முண்ணாணுக்கும் மூலமான நரம்புக்குழாய் இருமுனையும் மூடி முடிந்திருத்தல் வேண்டும். மூடாது விடின் மண்டையோடு முற்றாமையும் முதுகந்தண்டுப் பிளவும் உண்டாகும். இத்தனையும் தோட்டத்துப் பெண்ணொருத்தி தன் மாமியாரிடம் வாய்திறந்து கூறுமுன்னரே நடந்தேறிவிடுகின்றன.

அக்குழாய் செவ்வனே மூடுவதற்குத் துணைபுரியும் உணவுச்சத்து போலிக்கமிலம். அதன் வரலாற்றில் தேயிலை மலைகளுக்கும் ஓரிடமுண்டு. 1928இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கில மருத்துவ அறிஞர் லூசி வில்ஸ் பம்பாயிலே, ஏழைக் கருப்பிணிகளை வாட்டிய கடுஞ் சோகைநோயின் காரணத்தை ஆராய்ந்தார். 1929இல் சில திங்கள் நீலகிரியின் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னையிலும் அவ்வாய்வு தொடர்ந்தது. நொதியத்தின் சாறு அச்சோகையை நீக்குதலை அவர் கண்டார். அச்சாற்றிலிருந்த சத்தே பின்னர்ப் பசளிக்கீரை இலையிலிருந்து 1941இற் பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. நரம்புக்குழாய்க் குறையுடைய குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மார் கருத்தரிக்கு முன்னரே இதனை உட்கொண்டால், அக்குறை மீண்டும் தோன்றுதல் நூற்றுக்கு எழுபத்திரண்டு வீதம் குறையும் என 1991இல் வெளியான பெரும் ஆய்வொன்று நிறுவியது. இங்கே கருத்தரிக்கு முன்னர் என்னும் சொற்கள் முதன்மையானவை. இருபத்தெட்டாம் நாள் கடந்தபின் தரப்படும் வில்லை குருதிக்கு நன்று. ஆயின் மூடாத குழாயை மூடும் ஆற்றல் அதற்கில்லை. இலங்கையில் புதுமணத் தம்பதியர்க்குரிய சுகாதார சேவையிலே இவ்வில்லையும் அடங்கியிருப்பது இக்காரணம் பற்றியேயாம்.

இன்னுமொரு கடிகாரம் பற்றியும் ஈண்டுக் கூறுதல் தகும். இரவும் பகலும் மாறுதற்கேற்ப உடலைத் துயிலச்செய்வதும் விழிக்கச்செய்வதுமான நாட்கடிகாரம் அது. அதுவும் புரதமொன்று தன் பரம்பரையலகைத் தானே அடக்கும் முறையில் இயங்குவதே. ஆயின் அதன் சுற்று இருபத்துநான்கு மணியளவினது. இதன் பொறிமுறையைக் கண்டமைக்காக ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017இல் நோபெல் பரிசு பெற்றனர். கருப்பையின் இருளிலுள்ள சேய்க்கு இரவுபகலை அறிவிப்பவள் தாயே என்பதை 1983இல் றெப்பேட், சுவாட்ஸ் என்போர் எலிகளிற் காட்டினர். பிறந்தபின்னும் இத்தொடர்பு உடனே அறுவதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே மா. க. சந்திரசேகரனும் விசுவநாதனும் வயற்சுண்டெலிகளை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. வெளியுலக ஒளிமாற்றம் எட்டாத நிலையில், தாய் பன்னிரண்டு மணி உடனிருப்பதும் பன்னிரண்டு மணி விலகியிருப்பதுமே குட்டிகளின் கடிகாரத்தைத் திருத்திவைக்கப் போதுமாயிருந்தது. தாயின் வரவே அவற்றுக்குப் பொழுதாயிற்று. உறுப்புகளை வகுக்கும் ஊசல் சேயின் தனியுடைமை. நாட்கடிகாரமோ தாயும் சேயும் சேர்ந்து நடத்துவது.

ஆகவே கருவின் கணக்கிலே தாய்க்கும் பங்குண்டு, சமுதாயத்துக்கும் பங்குண்டு. கருவின் முதற்றிங்களிலே உறுப்புகள் வகுபடுகின்றன. இறுதித் திங்கள்களிலே நிறை ஏறுகின்றது. இவ்விரு பருவத்திலும் இடர்ப்பாடு மிக்கது தோட்டத்துத் தாய்மாரின் நிலை. இரண்டரைக் கிலோகிராமிலும் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகளின் வீதம், நகரையும் கிராமத்தையும் விடத் தோட்டங்களில் உயர்ந்திருத்தலை இலங்கையின் சுகாதார மதிப்பீடுகள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியுள்ளன. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் பேற்றை அடுத்த வாரங்களுக்குப் பாதுகாப்பளித்தது. அது போற்றத்தக்கதே. ஆயினும் கருவின் கடிகாரத்தை நோக்குமிடத்து, உதவி வேண்டப்படும் முதல் வேளை பேற்றுக்கு எட்டுத் திங்களுக்கு முந்தியது என்பது தெளிவு. மணமான பெண்கள் கருத்தரிக்கு முன்னரே மருத்துவமாதைக் காணுதலும், விலக்குத் தவறியதும் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தலும், கீரையும் பருப்பும் நாடோறும் உண்ணுதலும், இவற்றுக்கு வேண்டிய ஓய்வையும் வழியையும் குடும்பத்தினரும் தோட்டத்தை நடத்துவோரும் அமைத்துக்கொடுத்தலும் இவ்வறிவின் பயனாக அமைதல் வேண்டும்.

கோழிமுட்டைக்குக் குளிரிலே தரிப்பு உண்டு. அடைவைப்போர் நல்லநாள் பார்த்துத் தொடங்கலாம். தாயின் உடல்வெப்பம் மாறாத கருப்பையிலோ அத்தகைய தரிப்பு இல்லை. ஐந்து மணிக்கு ஒரு கண்டமாக, இரவென்றும் பகலென்றும் பாராது, கரு தன் கணக்கை எழுதிச் செல்லுகின்றது. அக்கணக்கை நிறுத்திவைக்கவோ திருப்பி எழுதவோ எவராலும் இயலாது. அதனை முன்கூட்டி அறிந்து, வேண்டியதை வேண்டிய வேளையிற் கொண்டுசேர்ப்பதே மக்களால் இயல்வது.